14 நகர்த்தலில் முடிந்த ஆட்டம்: பெர்லின் தடுப்பாட்டமும் அந்தச் சமனும்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். படிவம் ஒன்றில் படிக்கும் அவருடைய மகள் ஈப்போவில் நடந்த சதுரங்கப் போட்டியில் கறுப்புக் காய்களுடன் ஆடினாள். அவளுடைய தரப்புள்ளி, அதாவது ஆட்டபலத்தைக் காட்டும் எண், 1500. எதிரில் உட்கார்ந்தவருக்கு 1800. ஒரே நிலை மூன்று முறை வந்ததால் 14 நகர்த்தலில் ஆட்டம் சமனாக முடிந்தது. கடைசி நகர்த்தலை ஆடிக் கடிகாரத்தை அழுத்திய பிறகு அவள் சமன் கோரினாள். நடுவர் அதை ஏற்கவில்லை. எதிராளியே முன்வந்து கோரியதால்தான் முடிவு பதிவானது. வீட்டுக்கு வந்ததும் உறவினர் ஒருவர், "பயந்து சமாதானம் பேசிவிட்டு வந்திருக்கிறாய்" என்று சொல்லப் பிள்ளை அழுதிருக்கிறாள். அவள் ஆடிய பெர்லின் தடுப்பாட்டம் என்ற திறப்பை, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் நகர்த்தல் வரிசையை, விட்டுவிடச் சொல்லலாமா என்று தந்தை கேட்கிறார். ஆட்டக் குறிப்புத் தாளின் படத்தையும் அனுப்பியிருக்கிறார்.

தம்பி, விடச் சொல்லாதீர்கள். அந்தத் தாளை ஒவ்வொரு நகர்த்தலாகப் பலகையில் வைத்துப் பார்த்தேன். சமாதானத்தை முதலில் நாடியது உங்கள் மகள் இல்லை. தன்னைவிட 300 புள்ளி அதிகமுள்ள ஒருவர், வெள்ளைக் காய்களை வைத்துக்கொண்டு, வேறு வழிகள் இருந்தும் சமனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். உறவினர் அந்தப் பழியைத் தவறான ஆளின் மேல் போட்டுவிட்டார்.

ஆட்டத்தைச் சொல்கிறேன், நீங்களும் பலகையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசையையும் எண் குறுக்குவரிசையையும் குறிக்கும். வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்புச் சிப்பாய் இ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6. மூன்றாவதாக வெள்ளை மந்திரி பி5க்கு வந்து அந்தக் குதிரையை மிரட்டுகிறது. இதுவரை இது ஸ்பானியத் திறப்பு. 1561இல் சதுரங்க நூல் வெளியிட்ட ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ரூய் லோபஸின் பெயராலும் இதை அழைப்பார்கள். இதற்குக் கறுப்பு தன் இன்னொரு குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்தால் அது பெர்லின் தடுப்பாட்டம். தன் குதிரைக்கு வந்த மிரட்டலைப் பொருட்படுத்தாமல், நடுவில் நிற்கும் இ4 சிப்பாயின் மேல் கறுப்பு கண் வைக்கிறது.

நான்காவது நகர்த்தலில் வெள்ளை, ராஜாவையும் யானையையும் ஒருசேர நகர்த்திக் கோட்டை கட்டியது. கறுப்புக் குதிரை இ4 சிப்பாயை வெட்டியது. வெள்ளை டி4 தள்ளியது. குதிரை டி6க்குப் பின்வாங்கி பி5 மந்திரியைத் தாக்கியது. இங்கே, ஆறாவது நகர்த்தலில்தான் பாதை பிரிகிறது. ஆட்டத்தை நீட்டி வெற்றி தேட விரும்பும் வெள்ளை, மந்திரியால் சி6 குதிரையை வெட்டும். உங்கள் மகளின் எதிராளி அதைச் செய்யாமல், சிப்பாயால் இ5ஐ வெட்டி மந்திரியைக் கொடுத்துவிட்டார். கறுப்புக் குதிரை பி5இல் மந்திரியை எடுத்தது. ஏ4 சிப்பாய் அதை விரட்ட, அது டி4க்குத் தாவியது. வெள்ளைக் குதிரை அதை வெட்ட, சி6இலிருந்த குதிரை பதிலுக்கு வெட்ட, வெள்ளை ராணி அதையும் வெட்டி டி4இல் வந்து உட்கார்ந்தது. இப்போது ஒன்பது நகர்த்தல். கறுப்பிடம் குதிரையே இல்லை. மந்திரிகள் இரண்டும் இருக்கின்றன. வெள்ளையிடம் ஒரு மந்திரியும் ஒரு குதிரையும் மிச்சம். பலம் சரிசமம்.

உங்கள் மகள் டி5 தள்ளினாள். எதிராளி இ5 சிப்பாயால் அதைப் போகிறபோக்கில் வெட்டினார், அதாவது இரண்டு கட்டம் தாண்டிவந்த சிப்பாயை ஒரே கட்டம் வந்ததுபோல் எடுத்தார். அவள் ராணியால் டி6இல் அந்தச் சிப்பாயை எடுத்தாள். பிறகு நடந்ததுதான் கதை. வெள்ளை ராணி இ4இல் செக். கறுப்பு ராணி இ6இல் வந்து மறித்தது. வெள்ளை ராணி மீண்டும் டி4, கறுப்பு ராணி மீண்டும் டி6. இன்னொரு முறை இ4 செக், இ6, டி4, டி6. பத்தாவது, பன்னிரண்டாவது, பதினான்காவது நகர்த்தல்களுக்குப் பிறகு பலகையில் ஒரே நிலை, ஆட வேண்டியதும் ஒவ்வொரு முறையும் வெள்ளைதான்.

கறுப்பு விலகியிருக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், விலை கொடுத்தால். செக்குக்கு மந்திரியை இ6இல் வைத்து மறித்தால் பி7 சிப்பாய் போய்விடும். வெள்ளை ராணி இ4இலிருந்து குறுக்குக் கோட்டில் நேராக அதைப் பார்க்கிறது. இன்னொரு மந்திரியை இ7இல் வைத்தால், வெள்ளை தன் மந்திரியை எஃப்4க்குக் கொண்டுவந்து ராணியைத் தாக்கிக்கொண்டே காயை இறக்கும். ஒரு நகர்த்தலுக்கான நேரத்தைக் கறுப்பு இலவசமாகக் கொடுத்ததாகிவிடும். வெள்ளை ராணி டி4இல் நிற்கும்போது எஃப்8 மந்திரியும் அசைய முடியாது, அசைந்தால் ஜி7 சிப்பாய் விழும். ஆக ராணியால் மறித்து, பிறகு டி6க்குத் திரும்பி, "வேண்டுமானால் ராணிகளை மாற்றிக்கொள்வோம்" என்று அழைப்பதுதான் கறுப்புக்கு மிகச் சரியான ஆட்டம். பதின்மூன்று வயதுப் பிள்ளை அதை இரண்டு முறையும் பிசகில்லாமல் ஆடியிருக்கிறாள்.

வெள்ளைக்கோ வழிகள் திறந்தே இருந்தன. ராணிகளை மாற்றிவிட்டுத் தொடரலாம். ஆனால் கறுப்பு மந்திரி டி6இல் இயல்பாக வெளியே வந்துவிடும், இரண்டு மந்திரிகளும் உயிர்பெற்றுவிடும். எதிராளி அதை விரும்பவில்லை. அதற்கு முன்பே ஆறாவது நகர்த்தலில் வேறு பாதையில் போயிருக்கலாம். நான்காவது நகர்த்தலில் கோட்டை கட்டாமல் சிப்பாயை டி3க்குத் தள்ளி அமைதியான நீண்ட ஆட்டத்துக்கு அடிபோட்டிருக்கலாம். அவர் ஆடிய வரிசை உலகெங்கும் வலுவான ஆட்டக்காரர்கள் சீக்கிரம் சமன் செய்துகொள்ள விரும்பும்போது ஆடும் வரிசை. நகர்த்தல்கூட மாறாமல் இதே 14இல் முடிந்த ஆட்டங்கள் பல இருக்கின்றன. அவர் தெரிந்தே அந்தக் கதவைத் திறந்திருக்கிறார் என்பதே என் கணிப்பு.

பெர்லின் கோழைகளின் திறப்பு என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிள்ளை அதைத் திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறாள். 2000ஆம் ஆண்டு லண்டனில் காரி காஸ்பரோவும் விளாதிமிர் கிராம்னிக்கும் உலகப் பட்டத்துக்கு மோதினார்கள். 1985 முதல் பட்டத்தை வைத்திருந்தவர் காஸ்பரோவ்; வெள்ளைக் காய்களோடு அவர் இ4 ஆடினால் எதிராளிகள் நடுங்கிய காலம் அது. கிராம்னிக் பெர்லினைக் கொண்டுவந்தார். ஆறாவது நகர்த்தலில் மந்திரி சி6ஐ வெட்ட, எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் பலகையைவிட்டு வெளியேறின. கறுப்பு ராஜா டி8இல் நிற்கிறது, இனி கோட்டை கட்ட முடியாது. சி வரிசையில் சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. பார்த்தால் கறுப்பு பரிதாபமாகத் தெரியும். ஆனால் காஸ்பரோவின் உயிர்நாடியான தாக்குதலுக்கு ராணி வேண்டுமே! கிராம்னிக் பெர்லின் ஆடிய நான்கு ஆட்டங்களும் சமன். போட்டி முழுவதும் காஸ்பரோவால் ஓர் ஆட்டம்கூட வெல்ல முடியவில்லை. 8½க்கு 6½ என்று பட்டம் கைமாறியது. பெர்லின் சுவர் என்ற பட்டப்பெயர் அப்போது ஒட்டிக்கொண்டதுதான்.

அந்த நான்கு சமன்கள் ஓர் உலகப் பட்டத்தை வாங்கித் தந்தன. அவற்றைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. எதிராளி எங்கே மிகவும் பலசாலியோ அந்த இடத்துக்கே அவரைப் போகவிடாமல் தடுப்பது சதுரங்கத்தில் உயர்ந்த கலை.

பெர்லின் ஆடினால் சமன் உறுதி என்று நினைப்பதும் பிழை. 2013இல் சென்னையில் விஸ்வநாதன் ஆனந்தும் மாக்னஸ் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்கு மோதியபோது நான்காவது ஆட்டத்தில் கார்ல்சன் கறுப்பில் பெர்லின் ஆடினார்; 64 நகர்த்தல் போராடித்தான் சமன் வந்தது. ஆறாவது ஆட்டத்தில் ஆனந்த் பெர்லினுக்கு எதிராக டி3 ஆடினார், யானைகள் மட்டும் மிஞ்சிய இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றார். அதாவது கறுப்பு வென்றது! அடுத்த ஆண்டு சோச்சியில், பதினொன்றாவது ஆட்டத்தில், ஆனந்தே கறுப்பில் பெர்லின் ஆடி, யானையைக் கொடுத்து மந்திரியை வாங்கும் துணிச்சலான தியாகம் ஒன்றைச் செய்து, அந்த ஆட்டத்தையும் பட்டத்துக்கான வாய்ப்பையும் இழந்தார். ஒரே திறப்பு மூன்று முடிவுகளையும் தந்திருக்கிறது.

சமன் எளிதாகக் கிடைப்பது என்று நம்பும் உறவினருக்கு நம் பக்கத்து ஊர்க் கதையையே சொல்லுங்கள். 2024 நவம்பர், டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரனும் உலகப் பட்டத்துக்கு ஆடிய 14 ஆட்டங்களில் 9 சமன். கடைசி ஆட்டமும் பத்தாவது சமனாகப் போய்க்கொண்டிருந்தது. குகேஷ் கையில் ஒரு சிப்பாய் அதிகம் இருந்தாலும், டிங் சரியாகக் காத்துக்கொண்டால் தோல்வியில்லாத நிலைதான். 55ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2இல் வைத்தார். யானைகளும் மந்திரிகளும் மாறிப்போய், சிப்பாய் ஆட்டம் தோல்வியில் முடிந்தது. சமனாக இருக்கும் நிலையைச் சமனாகவே வைத்திருக்க கடைசி வரை கவனம் வேண்டும். உலக வீரருக்கே அது தவறிப்போகிறது.

இனி, நடுவர் விஷயம். நடுவர் செய்தது சரி. மகளுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள், அடுத்த முறை அரைப்புள்ளி இதில்தான் தொங்கிக்கொண்டிருக்கலாம். மூன்று முறை ஒரே நிலை வந்தால் சமன் தானாக வந்துவிடாது, கோர வேண்டும். கோரும் உரிமை யாருடைய முறையோ அவருக்கு மட்டும்தான். இந்த ஆட்டத்தில் மூன்றாவது முறை அந்த நிலையை உண்டாக்குவது கறுப்பின் பதினான்காவது நகர்த்தல். ஆகவே அவள் ராணியைத் தொடக்கூடாது. "ராணி டி6" என்று குறிப்புத் தாளில் எழுதிவிட்டு, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரை அழைத்து, "இந்த நகர்த்தலோடு ஒரே நிலை மூன்றாம் முறை வருகிறது, சமன் கோருகிறேன்" என்று சொல்ல வேண்டும். ஆடுவதற்கு முன்பே நகர்த்தலை எழுதுவது மற்ற நேரங்களில் விதிமீறல். சமன் கோரும்போது அதுவே விதி. எழுதியதை மாற்றவும் முடியாது. அவள் ராணியை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்தியதும் உரிமை எதிராளியிடம் போய்விட்டது. அவர் நேர்மையாக அதைப் பயன்படுத்தினார். அவர் பேசாமல் வேறு நகர்த்தல் ஆடியிருந்தால் ஆட்டம் தொடர்ந்திருக்கும்.

கோரிக்கை தவறாக இருந்தால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். எனவே குறிப்புத் தாளை ஒழுங்காக எழுதும் பழக்கம் முக்கியம். நிலை ஒன்றுதான் என்று பார்க்கும்போது காய்கள் அதே கட்டங்களில் இருந்தால் மட்டும் போதாது. யார் ஆட வேண்டும், கோட்டை கட்டும் உரிமை மாறியிருக்கிறதா, போகிறபோக்கில் வெட்டும் வாய்ப்பு இருந்ததா என்பதும் கணக்கில் வரும். ஐந்து முறை ஒரே நிலை வந்தால் யாரும் கோராமலே ஆட்டம் முடியும், அது வேறு விதி. சில போட்டிகளில் 30 நகர்த்தலுக்கு முன் பேசிச் சமன் செய்யக்கூடாது என்று அமைப்பாளர்கள் விதி வைப்பார்கள். 2005இல் பல்கேரியாவின் சோஃபியாவில் நடந்த போட்டியில் பேசிச் சமன் செய்வதையே தடுத்திருந்தார்கள்; அதன் பிறகு இத்தகைய கட்டுப்பாடுகள் பரவின. மூன்று முறை வரும் நிலையை இத்தகைய விதி பொதுவாகத் தடுப்பதில்லை, ஆனாலும் போட்டிக்கு முன் விதிமுறைத் தாளைப் படித்துவிடுங்கள்.

புள்ளிக் கணக்கு சுருக்கமாக. 300 புள்ளி வித்தியாசத்தில் அவளிடம் எதிர்பார்க்கப்பட்டது 0.15 புள்ளி. எடுத்தது அரை. மிச்சம் 0.35. பதினெட்டு வயதுக்குட்பட்ட, 2300க்குக் கீழே உள்ள ஆட்டக்காரருக்குப் பெருக்கும் எண் 40. ஆக இந்த ஓர் ஆட்டத்தில் அவளுக்கு 14 புள்ளி ஏற்றம். அணிப் போட்டியாக இருந்தால் இதன் மதிப்பு இன்னும் கூடும்: நான்கு பலகைகளில் தோழிகள் இருவர் ஏற்கெனவே வென்றிருந்தால், மூன்றாமவள் எடுக்கும் அரைப்புள்ளியே அணியின் வெற்றியை முடித்துவிடும். மாவட்ட, மாநில மாணவர் போட்டிகளுக்குப் போகும்போது இதை அவள் கட்டாயம் உணர்வாள்.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை. இவ்வளவு தூரம் வேன் பிடித்து, கட்டணம் கட்டி, விடியலில் பசியாறாமல் கிளம்பிப் போன பிள்ளை, ஒரு மூத்த ஆட்டக்காரரின் எதிரில் உட்கார்ந்து 14 நகர்த்தலில் எழுந்துவிட்டாள். அதில் 10 நகர்த்தல் புத்தகத்தில் உள்ளது. அவள் சொந்தமாக யோசித்த நேரம் மிகக் குறைவு. முடிவு நல்லதுதான், ஆனால் பாடம் கிடைக்கவில்லை. ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் தனிப் பயிற்சியாளர் வைத்துப் படிக்கும் பிள்ளைகளோடு நம் தோட்டத்து, தாமான் பிள்ளைகள் மோதும்போது நம்மவர்களிடம் குறைவது துணிச்சல் இல்லை, நீண்ட ஆட்டங்களின் அனுபவம். கைப்பேசியில் ஐந்து நிமிட ஆட்டம் ஆடி அதை ஈடுசெய்ய முடியாது.

இதற்கும் பெர்லினே நல்ல பள்ளிக்கூடம் என்பேன். முதல் காரணம், மனப்பாடம் செய்ய வேண்டியது ஒப்பீட்டளவில் குறைவு. சிசிலியன் போன்ற திறப்புகளில் ஒரு வரிசை மறந்தால் ராஜா நடுப்பலகையில் மாட்டிக்கொள்ளும். பெர்லினில் நிலையைப் புரிந்துகொண்டால் போதும், பெரும்பாலும் தப்பிக்கலாம். இரண்டாவது, கிராம்னிக் ஆடிய, ராணிகள் இல்லாத அந்த இறுதி ஆட்டம் ராஜாவை எப்படி நடத்துவது, இரண்டு மந்திரிகளை எப்படிப் பயன்படுத்துவது, எந்தக் காயை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதையெல்லாம் ஒரே நிலையில் கற்றுத்தரும். அந்த நிலையில் ராஜா பக்கம் வெள்ளைக்கு நான்கு சிப்பாய்கள், கறுப்புக்கு மூன்று. எல்லாக் காய்களும் மாறி வெறும் சிப்பாய் ஆட்டம் வந்தால் பொதுவாக வெள்ளைக்கே வெற்றி. ஆகவே கறுப்பு கண்மூடித்தனமாகக் காய்களை மாற்றக்கூடாது. மந்திரிகளைக் காப்பாற்றி, வெள்ளைச் சிப்பாய்களின் முன்னேற்றத்தைத் தடுத்து, ராஜாவுக்குப் பத்திரமான இடம் தேட வேண்டும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாள், பள்ளிப் புறப்பாட நேரத்திலோ வீட்டுத் திண்ணையிலோ, எட்டாவது நகர்த்தலுக்குப் பிறகான அந்த நிலையை நேரடியாகப் பலகையில் அடுக்குங்கள். கறுப்பு ராஜா டி8, கறுப்புக் குதிரை எஃப்5, வெள்ளைச் சிப்பாய் இ5. தோழி ஒருத்தியோடு ஆளுக்கு ஒரு மணி நேரம் கடிகாரத்தில் வைத்து ஆடட்டும். முடிந்ததும் பக்கம் மாற்றி மறுபடியும். வெள்ளையாகவும் ஆடுவது முக்கியம், எதிராளி எங்கே சிரமப்படுகிறார் என்பது அப்போதுதான் தெரியும். இன்னொரு நாள், நான்காவது நகர்த்தலில் வெள்ளை டி3 ஆடும் நிலை. அங்கே கறுப்பு மந்திரியை சி5க்குக் கொண்டுவந்து, கோட்டை கட்டி, முழு ஆட்டத்துக்குத் தயாராக வேண்டும். அவளுடைய வயதுப் பிள்ளைகள் அதிகம் ஆடுவது இதைத்தான், ஆகவே இந்த நிலையில் கூடுதல் நேரம் செலவழித்தால் பயன் உண்டு.

போட்டியில் ஆட்டம் சீக்கிரம் முடிந்தால் மண்டபத்துக்கு வெளியே ஒட்டுக்கடையில் உட்கார்ந்துவிட வேண்டாம். எதிராளியிடம் மரியாதையாக, "அண்ணா, ராணிகளை மாற்றியிருந்தால் என்ன ஆகும்?" என்று கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலான நல்ல ஆட்டக்காரர்கள் மகிழ்ச்சியோடு பலகையை அடுக்கிக் காட்டுவார்கள். 1800 புள்ளிக்காரர் அரை மணி நேரம் இலவசமாகச் சொல்லித்தருவது சிறிய விஷயமில்லை.

ஒரே ஒரு கட்டுப்பாடு நான் வைப்பேன். வெள்ளைக் காய்களோடு அவள் இந்த வரிசையை ஆடக்கூடாது. கறுப்பில், பலசாலிக்கு எதிராக, எதிராளி அழைத்தால் ஏற்பது நியாயம். வெள்ளையில் தானே தேடிப்போய்ச் சமன் செய்வது இந்த வயதில் வளர்ச்சியைத் தடுக்கும். வெள்ளையில் எதிராளி பெர்லின் ஆடினால் அவள் டி3 ஆடட்டும், அல்லது ஆறாவது நகர்த்தலில் சி6 குதிரையை வெட்டி அந்த இறுதி ஆட்டத்துக்குள் இறங்கட்டும். கறுப்பிலும், கடைசிச் சுற்றில் வென்றால்தான் பரிசு என்ற நிலை வரும் நாள்களுக்கு இன்னொரு பதில் தேவை. அதற்காகப் புதிய திறப்பைத் தேடி அலைய வேண்டாம். அதே ஸ்பானியத் திறப்பில், மூன்றாவது நகர்த்தலில் குதிரைக்குப் பதிலாக ஏ6 சிப்பாயைத் தள்ளி மந்திரியைக் கேள்வி கேட்கும் பழைய வழியை இந்த ஆண்டு இறுதிக்குள் பழகிக்கொள்ளட்டும். அடுத்த போட்டியின் குறிப்புத் தாள்களையும் அனுப்புங்கள். தோற்ற ஆட்டங்களை முதலில்.